இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி

24 செப்டம்பர் 2007, திங்கள்

காலையில் சாளை மீன் வாங்கினேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வாங்குவது என்பது இன்னும் பிடிபடவில்லை. வீட்டுக்காரி நேசமணி போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இன்றைக்கும் இரண்டு பேருக்கு வாங்கிப் பாதியைப் பூனைக்குப் போட்டேன்.

பதினோரு மணிக்கு இரணியல் பஸ்ஸின் கண்டக்டர் வண்டியில் நின்றபடியே கத்தினான். "போஸ்ட்மேன் ஐயா, தாணம்மா அக்கா ஒங்கள கடைக்கு வரச் சொன்னா. கடுதாசி வந்திருக்காம்."

முட்டத்தில் முப்பத்தி நாலு வருஷம் வீடு வீடாகக் கடுதாசி கொடுத்தவன் நான். எனக்கு வந்த கடுதாசி இரணியலில் ஒரு கடையில் கிடக்கிறதாம்.

தாணம்மாள் முன்பு ஸ்டேஷன் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தவள். இப்போது அதில் நாலு கம்ப்யூட்டர். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத குடும்பங்களுக்கெல்லாம் அவள் கடை மெயில்தான் விலாசம். கல்ஃபில் இருக்கிறவன் மேலே இன்னாருக்கு என்று போட்டு அனுப்புவான். இவள் அதைப் பேப்பரில் எடுத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஆள் சொல்லி விடுவாள். தபாலாபீஸ் வேலையைப் பிடுங்கிவிட்டாள் என்று நான் எத்தனை பேரிடம் இவளைக் குறை சொல்லியிருக்கிறேன்.

பேப்பரை வாங்கினேன். ஷிபு. ஜப்பானிலிருந்து.

தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருந்தான். அவன் போனில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியுமாம். இங்கே நம் எழுத்தில் எழுதி வைக்கிறேன்:

"அப்பா, துபாயிலிருந்து ஜப்பான் வந்து ஏழு மாசம் ஆச்சு. கப்பல் கட்டுற யார்டுல வெல்டிங். போன் பண்ணினா நீங்க வச்சிருவீங்க, அதான் எழுதுறேன். இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. அக்டோபர் இருபது கடைசி. நீங்க வான்னு ஒரு வார்த்தை சொன்னா போட மாட்டேன். கல்லறைத் திருநாளுக்கு அம்மாகிட்ட வந்திருவேன். பொறவு ஊர்லயே இருந்துக்கிறேன். ஒண்ணும் சொல்லலேன்னா, வேண்டாம்னு எடுத்துக்கிறேன். இந்த மெயிலுக்கே எழுதுங்க."

"பதில் அடிக்கட்டா அண்ணாச்சி?" என்றாள் தாணம்மாள்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். என்ன மனுஷன் நான்?

25 செப்டம்பர்

மத்தியானம் வரை அந்தப் பேப்பரை ஒன்பது தடவை படித்தேன். வீம்புக்கு ஒரு அளவு வேண்டாமா.

27 செப்டம்பர், வியாழன்

எழுதித் தீர்த்துவிடுகிறேன். நேசமணி இறந்தபோது ஷிபு துபாயில் இருந்தான். மூன்று நாள் பார்த்தோம், வரவில்லை. அடக்கம் முடிந்தது. நாற்பத்தொன்றாம் நாள் ஜெபத்துக்கு வந்து நின்றான், தாடியும் அழுக்கும். பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் பிடித்து வைத்துக்கொண்டான் என்றான். நான் காது கொடுக்கவில்லை. ஜெபத்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன், "பெத்த தாயிக்கு மண்ணு போட வராதவன் எனக்க பிள்ள இல்ல. இனி எனக்க இனிஷியல ஒனக்க பேருல வச்சிட்டு நடக்காத."

அவன் மறுநாளே போய்விட்டான். பிறகு இரண்டு தடவை போன் செய்தான், குரலைக் கேட்டதுமே வைத்தேன். மூன்றாவது தடவை கூப்பிட்டுவிடுவானோ என்று போன் இணைப்பையே எடுத்துவிட்டேன். அந்த வேகத்துக்கு இப்போது அனுபவிக்கிறேன்.

அவன் சொன்னது நிஜம் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். யார் மேலாவது கோபப்படாமல் என்னால் நிற்க முடியவில்லை. கடவுள் மேல் கோபப்படப் பயம், அதனால் பிள்ளை மேல் பட்டேன்.

நாளை மறுநாள் இரணியல் போகிறேன். வா என்று ஒரே எழுத்து. எழுதினால் என்ன குறைந்துவிடும்?

29 செப்டம்பர், சனி

போகவில்லை. நான் போனேன், கடுதாசிதான் போகவில்லை.

தாணம்மாள் நான் சொல்லச் சொல்ல அடித்தாள். "மக்களே, வா. அப்பா." அவ்வளவுதான். அனுப்பும் பொத்தானை அமுக்கினாள். மேலே சிவப்பாக ஒரு வரி வந்தது.

"இது போவாது அண்ணாச்சி. அட்ரஸ் சரியில்லியாம்."

"சரியில்லாத அட்ரஸில இருந்து இஞ்ச எப்பிடி வந்துது?"

"வரும்போது அது ஒண்ணும் கேக்கல. போகும்போதுதான் கேக்குது."

நாலு கம்ப்யூட்டரிலும் பார்த்தாள். வேறு கம்பெனி மெயிலில் போட்டுப் பார்த்தாள். எல்லாம் ஒரே பதில். கடைசியில் விரலை வைத்துக் காட்டினாள். "இதாக்கும் சங்கதி. பாருங்க, ஷிபு, புள்ளி, ஆர், அதுக்கு அடுத்து இன்னொரு புள்ளி. அதை ஒட்டி இந்தச் சுழி. சுழிக்கு முன்னால புள்ளி நிக்கப்பிடாது போல."

பார்த்தேன். shibu.r.@ என்று இருந்தது.

எங்கள் பக்கத்தில் மலையாளத்துக்காரர்களைப் போல இனிஷியலைப் பெயருக்குப் பின்னால்தான் போடுவோம். ஷிபு ஆர். ராஜமணியின் ஆர். இனிஷியலுக்குப் புள்ளி வைக்காமல் எழுதினால் நான் அவன் தலையில் குட்டுவேன். "புள்ளி இல்லாத எழுத்து வெறும் எழுத்துலே, அது அப்பனில்ல" என்பேன். மூன்றாம் வகுப்பிலிருந்து குட்டினேன். ஜப்பானில் போன் கம்பெனியே மெயில் விலாசமும் கொடுக்குமாம். கடைக்காரன் புதுப் போனைக் கையில் கொடுத்து, விலாசத்துக்கு என்ன பெயர் வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இவன் இனிஷியல் போட்டு, புள்ளியும் வைத்திருக்கிறான்.

போடாதே என்று சொன்ன பிறகும் போட்டிருக்கிறான்.

பஸ்ஸில் வரும்போது துண்டை முகத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் பல் வலியா என்று கேட்டார்.

3 அக்டோபர், புதன்

போய்விட்டது!

தாணம்மாள்தான் யோசனை சொன்னாள். "அந்தப் புள்ளிய எடுத்துட்டு அனுப்பினா என்ன? இனிஷியலுக்குப் புள்ளி இருந்தா என்ன, இல்லாட்டா என்ன, ஆளு ஒண்ணுதானே." எனக்கும் சரி என்று பட்டது. புள்ளி விட்டுப்போனதற்காக எந்தத் தபால்காரனாவது கடுதாசியைக் கொடுக்காமல் இருப்பானா? மலேசியாவிலிருந்து ஒரு தடவை "கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, கால் விந்தி நடக்கும் ஆளுக்கு" என்று மட்டும் எழுதி ஒரு உறை வந்தது. அரை மணி நேரத்தில் கொண்டு கொடுத்தேன்.

புள்ளியை எடுத்தாள். அமுக்கினாள். அனுப்பியாயிற்று என்று வந்தது. சிவப்பு இல்லை. அவளுக்கும் சேர்த்து டீ சொன்னேன்.

6 அக்டோபர்

நேசமணி கல்லறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லியாயிற்று. ஷிபுவின் அறையைத் திறந்து தூசி தட்டினேன். கட்டிலின் ஒரு கால் செல்லரித்திருக்கிறது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

9 அக்டோபர்

பதில் இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

11 அக்டோபர்

இல்லை.

12 அக்டோபர், வெள்ளி

இன்றைக்கு என்ன எழுதுவது.

தாணம்மாளிடம், "வேற எங்கியாவது வந்து கெடக்குதா பாரு" என்று நச்சரித்தேன். வேண்டாத மெயில் எல்லாம் தானாகப் போய் விழும் ஒரு பெட்டி உண்டாம், அதை அவள் திறப்பதே கிடையாது. லாட்டரி, மாத்திரை, அந்த மாதிரி குப்பை. திறந்தாள். அதற்கு நடுவில் நம்முடைய மெயில் கிடந்தது. திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகிறது. மூன்றாம் தேதியே வந்திருக்கிறது!

அப்படி ஒரு ஆள் இல்லை என்று எழுதியிருக்கிறது. புள்ளி இல்லாத ஷிபு என்று அந்தப் போன் கம்பெனியில் யாரும் கிடையாது. புள்ளி வைத்தவன்தான் என் பிள்ளை. நான் குட்டிச் சொல்லிக் கொடுத்ததை அந்த ஊர் மிஷின் சரியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் மறந்துபோயிற்று.

தாணம்மாள் அழுதுவிட்டாள். "எனக்க தப்பாக்கும் அண்ணாச்சி." அவள் தப்பு என்ன இதில்? முதல் நாளே எழுதியிருந்தால் ஐந்து நாள் மிச்சமாகி இருக்கும்.

எட்டு நாள் இருக்கிறது.

13 அக்டோபர்

அவனைத் துபாய்க்கு அனுப்பிய பம்பாய் ஏஜெண்டின் நம்பர் ஒன்று பழைய உறையில் இருந்தது. பூத்திலிருந்து அடித்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறது ஒரு பெண் குரல். இந்தியில் ஒரு தடவை, இங்கிலீஷில் ஒரு தடவை.

15 அக்டோபர், திங்கள்

தபாலாபீசுக்குப் போய் ஏர் மெயில் கவர் வாங்கினேன். "ஷிபு ஆர்., வெல்டர், கப்பல் கட்டும் இடம், ஜப்பான்" என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் கோலப்பன். என் கீழே வேலை பழகியவன். உறையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஐயா, பின்கோடு..."

"போட்டதப் போட்டாச்சு. சீல குத்து."

குத்தினான். ஒழுங்காக விலாசம் எழுதத் தெரியாதா என்று இந்தக் கவுண்டரில் நின்று எத்தனை கிழவிகளைத் திட்டியிருக்கிறேன் நான். கோலப்பன் தலையைக் குனிந்துகொண்டது எனக்காகத்தான்.

16 அக்டோபர்

கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்ய வரும் பிரைட்டன் தக்கலையிலிருந்து வந்தான். விஷயம் தெரிந்தவன். அவன் சொன்னது: மெயில் விலாசம் எப்படி இருக்கவேண்டும் என்று உலகத்துக்கே ஒரு சட்டம் உண்டு. சுழிக்கு முன்னால் புள்ளி நிற்கக்கூடாது, இரண்டு புள்ளி சேர்ந்து வரக்கூடாது. எல்லா சாப்ட்வேரும் அதைப் பார்த்துத்தான் செய்தது. அந்தப் போன் கம்பெனி அதைப் பார்க்காமல் விலாசம் கொடுத்துவிட்டது.

"அவங்களுக்க போனில இருந்து அவங்களுக்க போனுக்கு எந்தக் கரச்சலும் கிடையாது. வெளிய இருந்து நம்ம அனுப்புனாத்தான் போவாது. ஜப்பான்லயே இதுக்குக் கெடந்து திண்டாடுதானுவ."

"வேற வழி?"

"அவன் அட்ரஸ மாத்தணும்."

"அத அவனுக்கு எப்பிடிச் சொல்ல?"



18 அக்டோபர், வியாழன்

அவனிடமிருந்து இன்னொன்று வந்திருக்கிறது. "அப்பா, பதில் இல்ல. இன்னும் ரெண்டு நாள் பாக்கேன்."

கேட்கிறதே! அவன் பேசுவது எனக்குக் கேட்கிறது. நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், அவனுக்குக் கேட்கவில்லை. இதைவிட அவன் எழுதாமலே இருந்திருக்கலாம்.

கோவிலுக்குப் போனேன். மண்டியிட்டேன், ஜெபம் வரவில்லை. புள்ளி, புள்ளி என்றுதான் வாயில் வந்தது.

19 அக்டோபர், வெள்ளி

காலை எட்டு மணிக்கே தாணம்மாள் கடையில் இருந்தேன். அவள் வந்துதான் கதவைத் திறந்தாள்.

ராத்திரியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனசில் ஓடியது. விலாசம் குழம்பின கடுதாசி வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது உள்ளே எழுதியதை இல்லை, உறையை. எந்த ஊர் முத்திரை, எந்தத் தேதி, வழியில் எவன் பேனாவால் என்ன கிறுக்கியிருக்கிறான் என்று பார்ப்போம். பாதிக் கடுதாசிக்கு அதிலேயே வழி கிடைக்கும்.

"தாணம்மா, இந்த மெயிலுக்கு உறை கிடையாதா?"

"உறையா?"

"வழியில எங்கெங்க நின்னு வந்துதுன்னு முத்திரை இருக்காதா?"

அவள் சிரிக்கவில்லை. பிரைட்டனுக்குப் போன் போட்டாள். உண்டாம், சாதாரணமாகக் காட்டாதாம். அவன் சொன்ன இடத்தில் அமுக்கினாள். ஒரு பக்கம் முழுக்க வந்தது. ஊர் ஊராக, நொடி நொடியாக. முத்திரை மேல் முத்திரை. பேப்பரில் எடுக்கச் சொல்லி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இங்கிலீஷ் பாதி புரியவில்லை. ஆனால் விலாசம் எனக்குப் புரியும்.

நாலு இடத்தில் அவன் விலாசம் இருந்தது. மூன்று இடத்தில் மொட்டையாக. மேலே ஒரு இடத்தில் மட்டும், வழியில் நின்ற ஏதோ ஒரு மிஷின், சுழிக்கு முன்னால் உள்ளதை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தது. முன்னால் இரண்டு கோடு, பின்னால் இரண்டு கோடு. நடுவில் ஷிபு, புள்ளி, ஆர், புள்ளி.

"இதுமாதிரி அடி."

அடித்தாள். மறுபடியும் சிவப்பு. நான் பேப்பரைச் சுருட்டி எறிந்தேன். பிறகு நானே எடுத்து நீவினேன்.

சாயந்திரம் பிரைட்டன் போனில், "சட்டத்தில அதுக்கு இடம் உண்டு. சேராத எழுத்து வந்தா மேற்கோளுக்குள்ள வைக்கலாம். பிரவுசர்ல வர்ற மெயில் இது தெரியாம முழிக்குது. எனக்கிட்ட வேற ஒரு மெயில் சாப்ட்வேர் இருக்கு, அது எடுக்கும். நாளைக்குக் காலத்த வந்து போட்டுத் தாறேன்" என்றான். இன்றைக்கே வா என்று கெஞ்சினேன். பிள்ளைக்குக் காய்ச்சலாம். அவனுக்கும் பிள்ளை இருக்கிறது, நான் என்ன சொல்ல.

20 அக்டோபர், சனி

பிரைட்டன் ஒன்பதுக்கு வந்தான். ஒன்பதே காலுக்குக் கரண்ட் போயிற்று. மழை. வில்லுக்குறியில் மரம் விழுந்ததாம். நான் வாசலில் நின்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜப்பானில் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். இங்கே பன்னிரண்டு என்றால் அங்கே மூன்றரை. இரண்டு என்றால் ஐந்தரை.

இரண்டே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. மூன்று பத்துக்கு, மேற்கோள் குறியோடு, "மக்களே வா. கையெழுத்துப் போடாதே. அப்பா" என்று போயிற்று. சிவப்பு வரவில்லை.

அங்கே மணி ஆறு நாற்பது. ஆபீஸ் பூட்டியிருப்பார்களா? சனிக்கிழமை அரை நாளா?

21 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து நேராக இரணியல் போனேன். ஞாயிற்றுக்கிழமை எனக்காகக் கடையைத் திறந்தாள். திரும்பி வந்திருந்தது. அந்தப் பெயரில் ஆள் இல்லை.

"நேத்து வரைக்கும் இருந்தானே" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். தாணம்மாள் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேனா என்று ஓர்மை இல்லை.

முப்பத்தி நாலு வருஷம் நானே உறைகளில் இதை எழுதியிருக்கிறேன். இப்பெயரில் ஆள் இல்லை. கீழே கையெழுத்து, ராஜமணி. எழுதிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு மத்தியானச் சோறு தின்ன வந்துவிடுவேன். அதை அனுப்பினவர்கள் வாங்கிப் படித்துவிட்டு என்ன செய்தார்கள்?

23 அக்டோபர்

ஆசாரி வந்தான். கட்டில் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன்.

24 அக்டோபர்

ஒன்றுமில்லை.

26 அக்டோபர், வெள்ளி

தாணம்மாளே முட்டத்துக்கு வந்துவிட்டாள். கடையைப் பூட்டிவிட்டு, பஸ்ஸில், கையில் பேப்பரோடு. மெயில் அவளுக்கு வந்ததாம், எனக்கு இல்லை.

"தாணம்மா அக்கா, கல்லறைத் திருநாளுக்கு முட்டத்துல எங்க அம்மாவுக்கு என் பேர்ல ஒரு மெழுகுதிரி கொளுத்த யாரையாவது ஏற்பாடு பண்ணுங்க. நான் வரல, சனிக்கிழமை காலையிலே கையெழுத்துப் போட்டுட்டேன். அப்பா இனிஷியல் போடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு. நான் மறந்து போட்டுட்டேன். அதப் பாத்து இன்னும் கோவமாயிருப்பாருன்னு தோணிச்சு, அதான் எடுத்துட்டேன். இனி இதுதான் என் மெயில்."

புது விலாசத்தில் ஷிபு என்று மட்டும் இருந்தது. பின்னால் ஜப்பானுக்கு வந்த வருஷம். ஆர் இல்லை, புள்ளி இல்லை.

"இனி லேசு அண்ணாச்சி" என்றாள். "எந்த மிஷினும் ஒண்ணும் சொல்லாது."

ஏட்டி, லேசா? வாசலிலேயே உட்கார்ந்து, அவள் முன்னால், வெட்கம் இல்லாமல் அழுதேன். அவள் வந்த பஸ்ஸிலேயே அவளோடு இரணியல் போனேன். இந்த ஒன்றரை வருஷத்தையும் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள், இரண்டு பக்கம் வந்தது. போன் வைத்தது, வீம்பில் ஐந்து நாள் விட்டது, புள்ளியை எடுத்தது, உறை, கரண்ட், கட்டில், எல்லாம். பாஸ்போர்ட் விஷயம் நிஜம் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் எழுதச் சொன்னேன். கடைசியில், "மக்களே, ஒனக்க பேருல எனக்க இனிஷியலப் போடு. புள்ளியோட போடு" என்றேன்.

தாணம்மாள் கையை எடுத்துவிட்டாள். "கிறுக்கா ஒங்களுக்கு? இப்பந்தான் ஒழுங்கா போவுது."

"அடி தாணம்மா."

அடித்தாள். அமுக்கிய உடனே போயிற்று.

2 நவம்பர் 2007, வெள்ளி. கல்லறைத் திருநாள்

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். காற்று மெழுகுதிரியை நிற்க விடவில்லை. என் பேரில் ஒன்று, அவன் பேரில் ஒன்று, இரண்டையும் தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்துக் கொளுத்தினேன். நேசமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இருந்திருந்தால் என்னை நாலு பேச்சுப் பேசியிருப்பாள்.

மத்தியானம் இரணியல். பதில் வந்திருந்தது.

"அப்பா, கையெழுத்தத் திருப்பிக் கேட்டுப் பாத்தேன், தர மாட்டேங்காங்க. 2010 அக்டோபர் வரைக்கும் இங்கதான். கல்லறைத் திருநாளுக்கு முன்னால வந்திருவேன். கட்டில சரி பண்ணி வைங்க. பழைய பேரு யாரும் எடுக்கல, திருப்பிப் போட்டாச்சு."

மேலே பார்த்தேன். ஷிபு, புள்ளி, ஆர், புள்ளி, சுழி.

"மூணு வருஷமும் இந்தக் கரச்சலோடதானா?" என்றாள் தாணம்மாள். நாற்காலியை எனக்கு விட்டுக் கொடுத்தாள். பிரைட்டன் போட்ட சாப்ட்வேரைத் திறந்து, மேற்கோள் குறி எந்தக் கட்டையில் இருக்கிறது என்று காட்டினாள். ஒரு விரலால் நானே அடித்தேன். முன்னால் இரண்டு கோடு. பெயர். புள்ளி. என் எழுத்து. புள்ளி. பின்னால் இரண்டு கோடு.

அனுப்பிவிட்டு ஐந்து மணி வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். குப்பைப் பெட்டியையும் நாலு தடவை திறந்து பார்க்கச் சொன்னேன். மெயில் திரும்பி வரவில்லை.